அடி உதவுமா? மலேசியத் தமிழர் வாழ்வைப் பேசும் மூன்று படைப்புகளில் வீட்டு வன்முறையும் சமூகத் துணையும்

மலேசியத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைவுகளில் அடிபடும் சிறுவனும் அழுகின்ற தாயும் புதியவர்கள் அல்லர். தோட்டத்தைக் களமாகக் கொண்ட சிறுகதைத் தொகுதிகள் பலவற்றிலும் அவர்களைக் காண முடிகின்றது. எனினும் அவர்களைப் பற்றிய திறனாய்வு நம்மிடையே மிகக் குறைவாகவே உள்ளது. வறுமையின் விளைவு, கள்ளின் விளைவு, வெள்ளைத்துரையின் சுரண்டலின் விளைவு என்றவாறே வீட்டுக்குள் விழும் அடியை நாம் படித்துப் பழகியிருக்கின்றோம். விளைவாக மட்டுமே படிக்கப்படும் ஒன்று தனக்குரிய பொருளை இழந்துவிடுகின்றது. அடிப்பவன் யார், எதற்காக அடிக்கின்றான், அதனைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாவர், அவர்களுள் எழுந்து சென்றவர் எவர் ஆகிய வினாக்கள் எழுப்பப்படாமலேயே நின்றுவிடுகின்றன.

இவ்வினாக்களை முன்வைத்து மூன்று படைப்புகளை அணுக இக்கட்டுரை முற்படுகின்றது. கே.எஸ். மணியம் எழுதி 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்', பிரீதா சமரசன் எழுதி 2008இல் வெளிவந்த 'ஈவினிங் இஸ் த ஹோல் டே' ஆகிய இரு ஆங்கில நாவல்களும், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஜகாட்' என்னும் தமிழ்த் திரைப்படமும் அவை. தமிழிதழ் ஒன்றில் ஆங்கில நாவல்கள் இரண்டினைப் பேசுவது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் அவை நம் வீடுகளைப் பற்றியவை. அவ்வீடுகளின் மொழி தமிழ். அவற்றை ஆங்கிலத் துறையினருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தமிழ்ப் புனைவு இப்பொருளைத் தொடவே இல்லை என்பது என் கருத்தன்று. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', ம. நவீனின் 'பேய்ச்சி', மா. சண்முகசிவாவின் சிறுகதைகள் ஆகியவை இத்தடத்தில் குறிப்பிடத்தக்கன. எனினும் இம்மூன்று படைப்புகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உள்ளது. வீட்டு வன்முறையும் பிள்ளையின் கல்வியும் இவற்றில் ஒரே முடிச்சாகப் பின்னப்பட்டுள்ளன. தமிழாசிரியர்களாகிய நமக்கு அம்முடிச்சு முக்கியமானது.

கள் என்னும் விளக்கம்

தோட்டத்து வீடுகளில் நிகழ்ந்த வன்முறைக்குக் கள்ளுக்கடையே காரணம் என்ற விளக்கம் நம் சமூக வரலாற்றில் ஆழமாக வேரூன்றியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். காவல் துறையினருடன் மோதல் வரை அது சென்றது. வீட்டிலுள்ள பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்காகச் சமூகமே திரண்டெழுந்த நிகழ்வுகளாக இவற்றைக் கொள்வதில் தவறில்லை. இன்றைய சமூக அமைப்புகளுக்கெல்லாம் முந்திய வடிவம் அது.

ஆயினும் அவ்வெழுச்சிக்குள் ஓர் எல்லையும் இருந்தது. கடை மூடப்பட்டால் அடி நின்றுவிடும் என்னும் நம்பிக்கையே அவ்வெல்லை. நம் எழுத்தாளர்கள் பலர் அந்நம்பிக்கையை அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். குடிகாரக் கணவன், பொறுமை மிக்க மனைவி, இறுதியில் திருந்துதல் அல்லது மரணம் என்னும் கதைச்சட்டகம் அதிலிருந்து பிறந்தது. குடிக்காத தந்தையும் அடிப்பான், அதுவும் பிள்ளையின் நலன் கருதியே அடிப்பான் என்னும் உண்மைக்கு அச்சட்டகத்தில் இடமில்லை. இவ்விடத்தில்தான் மணியமும் சஞ்சய் குமாரும் வேறு பாதையில் செல்கின்றனர்.

லயத்துச் சுவர்

படைப்புகளுக்குள் செல்வதற்கு முன் களத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். கீழ்ப் பேராக்கின் தலைநகராகிய தெலுக் இந்தான், 1982 வரை தெலுக் அன்சன் என்றே அழைக்கப்பட்டு வந்தது. அதனைச் சூழ்ந்துள்ள நிலம் ரப்பருக்கு மட்டும் உரியதன்று. தென்னையும் செம்பனையும் இங்கு நெடுங்காலமாக வேரூன்றியவை. 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இன்றளவும் தோட்டமாகவே நிற்கின்றது. மருத்துவமனையும் தமிழ்ப்பள்ளிகளும் முதியோர் இல்லமும் தோட்டத்துக்குள்ளேயே அமைந்த வாழ்வு அது. நிர்வாகம் தந்தை நிலையில் நின்று தந்த நலன்கள் அவை. அவற்றுக்குரிய விலையும் உண்டு. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் மருத்துவமனையும் பள்ளியும் கூடவே போகும்.

லயத்து வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. ஒரு வீட்டில் விழும் அடி நான்கு வீடுகளுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவதும், மறுநாள் பெரட்டுக் களத்தில் தண்டல் ஒரு சொல் சொல்வதும், கோயில் குழுத் தலைவர் இருவரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவதும் அங்கு வழக்கம். இதனை நான் அழகுபடுத்திக் கூற விரும்பவில்லை. அப்பஞ்சாயத்துகள் பெரும்பாலும் பெண்ணை மீண்டும் அதே வீட்டுக்கே அனுப்பிவைத்தன. தண்டலே அடிப்பவனாக இருந்தால் முறையிட ஆளில்லை. எனினும் கேட்பவர் ஒருவர் உண்டு என்னும் அச்சம் அடிப்பவனின் கையைச் சில வேளைகளிலாவது தடுத்தது.

1980களிலும் 1990களிலும் பேராக்கின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன அல்லது வீடமைப்புத் திட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. வெளியேறியோர் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சென்றனர். அங்குச் சுவர் கனமானது. தண்டலும் இல்லை, கோயில் தலைவரும் இல்லை. அடி மட்டும் கூடவே வந்தது. 'ஜகாட்' இவ்வெற்றிடத்திலிருந்தே தொடங்குகின்றது.

'ஜகாட்': பழமொழியின் சோதனை

தீயது என்று பொருள்படும் மலாய்ச் சொல் தமிழ் நாவில் புரண்டு 'ஜகாட்' ஆயிற்று. இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இப்படம் 1990களின் தொடக்கத்தில் நிகழ்வது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய், அவனுடைய தந்தை மணியம், தந்தையின் உடன்பிறந்தார் இருவர் ஆகியோரே முதன்மைப் பாத்திரங்கள். உடன்பிறந்தாருள் ஒருவனாகிய துரை குண்டர் கும்பலைச் சேர்ந்தவன். மற்றொருவனாகிய பாலா போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவன். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கும் விதி அவ்வாண்டு பெரும் விவாதத்துக்கு உள்ளாகி மாற்றப்பட்ட பின்னரே அது நிகழ்ந்தது. விருதைப் பற்றிய பேச்சிலேயே படத்தைப் பற்றிய பேச்சு கரைந்துபோனது என்பது என் ஆதங்கம்.

'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்' என்பது நாமறிந்த பழமொழி. ஆசிரியர் அறைகளில் இன்றும் புழங்குவது. பிள்ளையைத் திருத்துவதற்கு உறவினரின் அன்பைவிட அடியே துணை என்பது இதன் வழக்கமான பொருள். 'ஜகாட்' இப்பழமொழியை எங்கும் எடுத்துரைக்கவில்லை. ஆயினும் படத்தின் கட்டமைப்பு முழுவதும் அதன் சோதனையாகவே அமைந்துள்ளது என்று கருதுகின்றேன். ஒரு பக்கம் தந்தையின் அடி. மறுபக்கம் சொல்லளவிலேயே அண்ணன் தம்பி. இவற்றுக்கு இடையே நிற்கும் சிறுவன் எவ்வழி செல்கின்றான் என்பதே கதை.

மணியம் கொடியவன் அல்லன். இதுவே படத்தின் வலிமை. தன் உடன்பிறந்தாரைப்போல மகன் ஆகிவிடக் கூடாது என்னும் பேரச்சம் அவனை ஆட்டுகின்றது. அவனுடைய அடிக்குக் காரணம் கள்ளன்று, கல்வி. தோட்டம் போன பின்பு தன் கையில் எஞ்சியிருக்கும் ஒரே முதலீடு இப்பையன்தான் என்று கருதும் மனிதனின் பதற்றம் அது. படி என்கின்றான். படிக்காவிட்டால் அடிக்கின்றான். அடிக்கப்படும் பிள்ளை வீட்டைவிட்டு விலகுகின்றான். விலகிய பிள்ளையை அச்சத்தால் மேலும் அடிக்கின்றான். இச்சுழற்சியைப் படம் ஒரு தீர்ப்பும் கூறாமல் காட்டுகின்றது. பார்வையாளருக்குத் தந்தையின்மீது வெறுப்பு தோன்றும் அதே வேளையில் அவனுடைய அச்சம் பொய்யன்று என்பதும் தெரிகின்றது. துரையும் பாலாவும் கண்முன்னே சாட்சிகளாக நிற்கின்றனரே.

பள்ளியைப் பற்றிய காட்சிகள் நம்மை நேரடியாகத் தொடுகின்றன. அப்போய் கற்பனை வளமுள்ள பையன். சினிமாவில் ஊறியவன், கதை சொல்லத் தெரிந்தவன். பள்ளி அவனிடம் எதிர்பார்ப்பதோ மனப்பாடம். சொந்தமாக எழுதும் பிள்ளையைவிட ஆசிரியர் தந்த மாதிரிக் கட்டுரையை ஒப்பிக்கும் பிள்ளையே அங்கு நல்ல மாணவன். தேர்வுமையக் கல்வியைச் சாடும் காட்சி என்ற அளவில் இதனை விமர்சகர்கள் குறிப்பிடுவதுண்டு. அது சரியே. ஆனால் வேறொன்றும் அதில் உள்ளது. வீட்டிலே பேச முடியாத பிள்ளைக்குக் கட்டுரை ஏடு ஒன்றே பேசும் இடம். அங்கும் மாதிரிக் கட்டுரை வந்து நிரம்பிவிட்டால், அவனுடைய உடலில் உள்ள தழும்பு எந்த ஏட்டிலும் பதிவாகாது. பள்ளியில் ரோத்தான் வீட்டின் அடிக்குத் தொடர்ச்சியாகவே வருகின்றது. இரண்டு இடங்களிலும் ஒரே மொழி பேசப்படுகின்றது.

துரையின் உலகம் அவ்வாறன்று. அங்கு அப்போய்க்கு மதிப்பு கிடைக்கின்றது, பேச இடம் கிடைக்கின்றது, அஞ்ச வேண்டியவர்கள் வேறு யாரோ ஆகின்றனர். லயத்தில் தண்டலும் கோயில் தலைவரும் வகித்த இடத்தைக் கும்பல் கைப்பற்றிக்கொண்டது என்பதை ஒரு சமூகவியல் நூலைவிடத் தெளிவாக இப்படம் காட்டுகின்றது. குண்டர் கும்பலை வறுமையின் பிள்ளை என்று கூறுவது எளிது. அது ஓர் உதவி அமைப்பும்கூட என்பதை ஏற்பதுதான் கடினம். வேறு உதவி இல்லாத இடத்தில் அது உதவுகின்றது, பின்னர் அவ்வுதவிக்கு விலை கேட்கின்றது.

படத்தில் எனக்குக் குறையாகத் தோன்றுவது அப்போயின் தாய். அவள் ஓரத்திலேயே நிற்கின்றாள். ஆண்களின் கதை இது என்று இயக்குநர் தீர்மானித்திருக்கலாம். ஆனால் பிள்ளை அடிபடும் வீட்டில் தாய் வெறும் பார்வையாளர் அல்லள். அவளும் அடிபடுபவளாகவோ, அடியைத் தடுப்பவளாகவோ, சில வேளைகளில் அடிக்குத் தூண்டுபவளாகவோ இருப்பாள். அவளுடைய அச்சத்தின் கணக்கு எழுதப்படாமையால் மணியத்தின் அச்சம் மட்டுமே படத்தில் ஆழம் பெறுகின்றது. தோட்டப் பெண் பால்மரம் வெட்டி ஊதியம் பெற்றவள். தோட்டம் போனபோது அவளுடைய ஊதியமும் போயிற்று. அதனால் வீட்டுக்குள் அவளுடைய நிலை எவ்வாறு மாறிற்று என்னும் வினாவைப் படம் தொடாமலே விட்டுவிட்டது.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பும் தேவை. அப்போயின் வீட்டுக் கதவை அரசு அதிகாரி எவரும் தட்டுவதில்லை. அக்காலத்தில் தட்டுவதற்கான சட்டமும் அரைகுறையாகவே இருந்தது. 1990இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கொடுமைக்கு உள்ளாகி இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. 1991ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் அதன் பின்னர் வந்தது. பெண்கள் அமைப்புகள் ஒன்றிணைந்து 1985 முதல் போராடியதன் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே படத்தில் காணும் வெறுமை இயக்குநரின் புனைவன்று.

செல்வந்த வீட்டின் சமையலறை

'ஈவினிங் இஸ் த ஹோல் டே' நாவலின் தலைப்பு குறுந்தொகையின் 234ஆம் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. மிளைப்பெருங் கந்தன் பாடிய முல்லைத்திணைப் பாடல் அது. ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பு வழியாக அது நாவலாசிரியரை அடைந்தது. துணையிலாதார்க்குப் பொழுதெல்லாம் மாலையே என்னும் கருத்தினைச் சங்கப் புலவர் பிரிவுத் துயராகப் பாடினார். சமரசனோ அதனை ஈப்போவின் பெரிய வீடு ஒன்றுக்குள் கொண்டுவந்து வைக்கின்றார். துணைவன் அருகில் இருந்தும் துணையற்றவள் அவ்வீட்டின் தலைவி. கணவன் புகழ்பெற்ற வழக்கறிஞன். வேறொரு குடும்பம் அவனுக்கு வெளியே உண்டு. அவன் கை ஓங்கவும் தேவையில்லை. அலட்சியத்தாலும் ஏளனத்தாலுமே மனைவி நாள்தோறும் சிதைக்கப்படுகின்றாள். அகப்பாடல் ஒன்றின் சொல்லைக் கொண்டு வீட்டு வன்முறையைப் பேச முடியும் என்பதைக் காட்டிய முயற்சி என்ற வகையில் சங்க இலக்கியம் கற்பிப்போர் இந்நாவலைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். மலேசியச் சட்டத்தில் உளவியல் வதை குடும்ப வன்முறைக்குள் தெளிவாகச் சேர்க்கப்பட்டது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். நாவல் அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது.

ஆனால் நாவலின் மையம் தலைவி அல்லள், வேலைக்காரச் சிறுமி செல்லம். 1980இல் அவ்வீட்டின் பாட்டி இறக்கின்றார். பழி செல்லத்தின்மீது விழுகின்றது. ஆறு வயதுச் சிறுமி ஆஷாவின் சொல்லே அதற்குச் சாட்சி. மாதந்தோறும் செல்லத்தின் ஊதியத்தை வாங்கிச் செல்ல வரும் குடிகாரத் தந்தை ஒருவன் உண்டு. வெளியேற்றப்படும் அவளை அழைத்துச் செல்ல வருபவனும் அவனே. கொடுமையான ஒரு வீட்டிலிருந்து அவளை மீட்க வரும் ஒரே உறவு, அதனினும் கொடுமையான வீட்டுக்கு அவளை இட்டுச் செல்கின்றது. வீட்டின் மூத்த மகள் அதே ஆண்டு நியூயார்க்கில் பல்கலைக்கழகக் கல்விக்காகப் புறப்படுகின்றாள். ஒரே வாசலின் வழியாக இரு பெண்கள் வெளியேறுகின்றனர். ஒருத்திக்குப் பயணப்பெட்டி, மற்றவளுக்குப் பழி.

வழக்கறிஞன் வெளியுலகில் நீதி பேசுபவன் என்பதைச் சமரசன் வலியுறுத்தாமல் வலியுறுத்துகின்றார். நம் சமூக அமைப்புகளின் செயற்குழுக்களில் அமர்ந்திருக்கக் கூடியவன் அவன். ஆண்டு விழாவில் உதவிநிதி எடுத்துக் கொடுக்கக் கூடியவன். அவனுடைய சமையலறையில் நடப்பதைக் கேட்க எந்தச் செயற்குழுவும் வருவதில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் வன்முறையை மட்டும் ஆராய்ந்து, முன்னேறியோரின் வீட்டை விட்டுவிடும் ஆய்வுப்போக்கிற்கு இந்நாவல் நல்ல மறுப்பு. ஒரு குறையும் சொல்ல வேண்டும். செல்லத்தின் உள்ளம் நமக்குப் போதிய அளவு திறக்கப்படவில்லை. ஆவிகளோடு பேசும் ஆஷாவின் கற்பனைக்கு நாவலாசிரியர் தந்த சொல்வளத்தில் ஒரு பங்கேனும் செல்லத்திற்குத் தந்திருக்கலாம்.

வென்ற மாணவன்

கெடாவின் பீடோங்கைக் களமாகக் கொண்ட 'தி ரிட்டர்ன்' பேராக்கின் கதையன்று. ஆயினும் அதனை இங்குச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதன் நாயகன் ரவி தோல்வியுற்ற மாணவன் அல்லன். இந்தியாவிலிருந்து வந்து வேரூன்ற முயன்ற பாட்டி பெரியதாய், சலவைத் தொழிலில் மூழ்கி நிலத்துக்காகத் தவிக்கும் தந்தை நைனா, ஆங்கிலப் பள்ளியில் மிஸ் நான்சியிடம் கற்று இங்கிலாந்து வரை சென்று ஆசிரியனாகும் பேரன் என்று மூன்று தலைமுறைகளின் கதை அது. குடியேறிய குடும்பம் ஒன்று கல்வியால் மேலேறியது என்று பாடநூலில் எழுதத்தக்க வரலாறு. ஆனால் வீட்டுக்குள் அடியும் கசப்பும் குறைவதில்லை. ரவி ஏறிய ஒவ்வொரு படியும் அவனைத் தந்தையிடமிருந்து விலக்குகின்றது. இறுதியில் நைனா தன் வீட்டோடு தீயில் மடிகின்றான். மகன் தப்பினான், தந்தைக்குத் துணையில்லை. கல்வி கிடைத்தால் அனைத்தும் தீரும் என்னும் நம் நம்பிக்கையை இதனைவிடக் கடுமையாகக் கேள்வி கேட்ட மலேசியப் புனைவை நான் அறியேன்.

துணை நிற்போரும் அவர்தம் பார்வையும்

இனி, நடைமுறையில் உருவான துணை அமைப்புகளை இப்படைப்புகளின் ஒளியில் காண்போம். கல்வி, சமூக நல ஆய்வு அறவாரியம் 1979இல் தோன்றியது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வார இறுதி வகுப்புகளும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகச் செல்லும் கல்வி யாத்திரையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் போக்கை மாற்றின என்பதை எவரும் மறுக்க இயலாது. பல்கலைக்கழகங்களில் இன்று விரிவுரையாளர்களாக இருக்கும் நம்மில் பலர் அவ்வகுப்புகளின் வழி வந்தவர்கள்.

எனினும் இம்முயற்சிகளின் அடித்தளத்தில் ஓர் ஊகம் உள்ளது. வீடு பிள்ளையின் பக்கம் நிற்கும் என்பதே அது. பெற்றோர் கையொப்பம் இடுவர், அழைத்து வருவர், உடன் நடப்பர். வீடே காயத்தின் இடமாக இருக்கும் பிள்ளை இவ்வமைப்பின் கண்களுக்குத் தென்படுவதில்லை. அவன் வகுப்புக்கு வராதவன், ஆகவே பட்டியலில் இல்லாதவன். அதனினும் முக்கியமான ஒன்றை 'ஜகாட்' நமக்கு உணர்த்துகின்றது. மணியத்தின் குறிக்கோளும் உதவி அமைப்பின் குறிக்கோளும் ஒன்றே. பிள்ளை தேர்வில் தேற வேண்டும் என்று இருவரும் விரும்புகின்றனர். ஆதலால் மணியம் ஓர் ஆசிரியரிடம் சென்று மகனைக் கண்டித்து வளர்ப்பதாகச் சொன்னால் பாராட்டுப் பெறுவானேயன்றிக் கேள்விக்கு உள்ளாக மாட்டான்.

பெண்களுக்கான அமைப்புகள் வேறொரு தடத்தில் வளர்ந்தன. கோலாலம்பூர் வட்டாரத்தில் மகளிர் உதவி நிறுவனம் 1982இல் அடைக்கல இல்லத்தைத் திறந்தது. அதே ஆண்டில்தான் ஸ்ரீ முருகன் நிலையமும் தொடங்கியது. இரண்டு இயக்கங்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அருகருகே நடந்துள்ளன. ஒன்று பிள்ளையின் மதிப்பெண்ணையும் மற்றொன்று தாயின் காயத்தையும் பார்த்தன. ஒரே வீட்டின் இரு நோய்கள் அவை என்பதை இணைத்துப் பார்க்கும் பேச்சு நம் சமூகத்தில் வலுப்பெறவில்லை. ஈப்போவில் பேராக் பெண்களுக்கான பெண்கள் சங்கம் ஆலோசனையும் துணையும் வழங்கி வருகின்றது. தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் செல்வது, கைக்குழந்தையோடு கணவனுக்குத் தெரியாமல் புறப்படும் பெண்ணுக்கு எளிய பயணமன்று. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையமும் பின்னர் பிற அரசு மருத்துவமனைகளுக்கு விரிந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூக நல அதிகாரியே ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்க இயலும். 15999 என்னும் எண்ணும் உண்டு. இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வாயில்களே குறைவு.

பள்ளியிலிருந்து விலகிவிட்ட இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் மைஸ்கில்ஸ் அறவாரியத்தை நிறுவியவர்களுள் ஒருவர் சிறுகதையாசிரியர் மா. சண்முகசிவா என்பது தற்செயலானதன்று என்றே கருதுகின்றேன். அப்போயைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முதலில் அவனைப் பாத்திரமாகக் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக வருவோரையும் மறந்துவிடலாகாது. தமிழகத்திலிருந்து மணமுடித்து இங்கு வரும் பெண்களின் தங்கும் அனுமதி கணவனின் பொறுப்பேற்பைச் சார்ந்தது. அடிக்கும் கணவன் அவ்வனுமதியையே கயிறாகப் பயன்படுத்தலாம். பெரியதாயின் காலத்தில் கப்பல் இருந்தது, இன்று விமானம் உள்ளது. இப்பெண்களைப் பற்றிய புனைவு மலேசியத் தமிழில் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

ஆசிரியர் என்னும் சாட்சி

அண்மையில் தெலுக் இந்தானில் தமிழாசிரியர் சிலருடன் 'ஜகாட்' பற்றி உரையாட வாய்ப்புக் கிடைத்தது. மணியத்தைக் குறை கூற முடியாது என்றார் அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர். அடிக்காவிட்டால் துரையின் வழிதானே என்றார். அடித்தும் துரையின் வழிதானே ஐயா என்று இளம் ஆசிரியை ஒருவர் மெதுவாகக் கேட்டார். அவ்வறையில் அதன் பிறகு நிகழ்ந்த விவாதம் எந்த ஆய்வரங்கிலும் நான் கேளாதது. ரோத்தானைப் பற்றித் தொடங்கிய பேச்சு, தழும்போடு வந்த பிள்ளைகளைப் பற்றியதாயிற்று. என்ன செய்தீர்கள் என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் அளித்த விடை ஒன்றே: தந்தையை அழைத்துப் பேசினோம். அன்றிரவு அப்பிள்ளைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் அறியார்.

சட்டமும் இவ்விடத்தில் ஆசிரியருக்குப் போதிய துணை நிற்கவில்லை. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், கொடுமைக்கு உள்ளான குழந்தையைப் பற்றித் தெரிவிக்கும் கடப்பாட்டினை மருத்துவ அலுவலர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகிய மூவகையினர்மீது வைத்தது. நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. மாணவர் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டாத தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசகர் இல்லை. எனவே அங்குத் தமிழாசிரியரே ஆலோசகர், அவரே சாட்சி, தோட்டம் எஞ்சியிருந்தால் அவரே பழைய கோயில் தலைவரின் இடத்திலும் நிற்பவர்.

பேராக்கின் தஞ்சோங் மாலிமில்தான் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. தமிழாசிரியர்கள் பலர் அங்குப் பயில்கின்றனர். குறுந்தொகையின் 234ஆம் பாடலைக் கற்பிக்கும் வகுப்பில் சமரசனின் நாவலில் ஓர் இயலையும், கட்டுரை கற்பிக்கும் பயிற்சி வகுப்பில் 'ஜகாட்' படத்தின் பள்ளிக் காட்சிகளையும், அவற்றோடு குடும்ப வன்முறைச் சட்டத்தின் சில பிரிவுகளைத் தமிழிலும் சேர்த்துப் படிப்பதில் பாடத்திட்டத்துக்கு இடையூறு எதுவும் இல்லை.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யும் பழக்கம் அதனுடன் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 'என் குடும்பம்' என்னும் தலைப்பு இன்றும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதப்படுகின்றது. அன்பான தந்தை, பாசமான தாய் என்று முப்பது ஏடுகளில் ஒரே வாக்கியம் வரும். முப்பத்தொன்றாவது ஏட்டில் வேறு வாக்கியம் ஒன்று வரக்கூடும். அதில் ஒற்றுப்பிழை இருக்கும், எழுத்துகள் சாய்ந்திருக்கும். சிவப்பு மையைத் தொடுமுன் அவ்வாக்கியத்தை இறுதிவரை படிக்க வேண்டும்.